நிலவின் நிழலைப் படித்த கண்கள்

1609-ஆம் ஆண்டு ஜூலை 26, இரவு 9 மணி. லண்டனுக்கு மேற்கே தேம்ஸ் ஆற்றங்கரையில் இருக்கும் சையன் மாளிகையில், தாமஸ் ஹாரியட் ஒரு குழாயை நிலவை நோக்கித் திருப்பினார். ஆறு மடங்கு பெரிதாக்கிக் காட்டும் குழாய் அது. தொலைநோக்கி என்ற பெயர் அதற்கு இன்னும் வந்திருக்கவில்லை. வானத்தில் ஐந்து நாள் வளர்பிறை. கண்டதை ஹாரியட் ஒரு தாளில் வரைந்து, தேதியையும் குறித்து வைத்தார். தொலைநோக்கி வழியாக நிலவைப் பார்த்து வரைந்த படங்களில் நமக்குக் கிடைத்திருப்பவற்றுள் அதுவே மிகப் பழையது.

அந்தப் படத்தில் ஒரு வட்டம் இருக்கிறது. வெளிச்சமும் இருட்டும் பிரியும் இடத்தில் கோணல்மாணலாக ஒரு கோடு. வெளிச்சப் பக்கத்தில் வேகமாக இழுத்த கீறல்களாகச் சில கறைகள். அவ்வளவுதான். ஒரு மலை இல்லை, ஒரு பள்ளம் இல்லை.

ஹாரியட் லேசான ஆள் இல்லை. ஒளி காற்றிலிருந்து கண்ணாடிக்குள் நுழையும்போது எவ்வளவு வளைகிறது என்ற விதியை இன்று ஸ்நெல் பெயரால் படிக்கிறோம். அதை ஸ்நெல்லுக்கு முன்பே கண்டறிந்தவர் இவர். இயற்கணிதத்தில் அந்தக் கால ஐரோப்பாவின் முதல் வரிசையில் இருந்தவர். 1585-இல் அட்லாண்டிக் கடலைக் கடந்து அமெரிக்கக் கரைக்குப் போய்த் திரும்பியவர், அங்கிருந்த மக்களின் மொழியைக் கற்றவர். பார்ப்பதிலும் அளப்பதிலும் பழகிய கண் அவருடையது. அந்தக் கண்ணுக்கு நிலவில் கறை தெரிந்தது, கரடுமுரடு தெரியவில்லை.

அவருடைய நண்பர் வில்லியம் லோவர் வேல்ஸில் இருந்தார். அவரிடமும் ஒரு குழாய் இருந்தது. 1610 பிப்ரவரியில் ஹாரியட்டுக்கு எழுதிய கடிதத்தில், முழுநிலவு தன் சமையல்காரர் போன வாரம் செய்து தந்த பழப் பணியாரம் போல இருப்பதாக அவர் சொன்னார்: இங்கே கொஞ்சம் வெளுப்பு, அங்கே கொஞ்சம் கறுப்பு, எல்லாம் கலந்து கிடக்கிறது. எனக்கு அந்தக் கடிதம் மிகவும் பிடிக்கும். தெரியாத ஒன்றைப் பார்த்தவர், அதைத் தனக்குத் தெரிந்த ஒன்றோடு சேர்த்து நேர்மையாகச் சொல்கிறார்.

லோவரின் கடிதத்துக்கு இரண்டு மாதம் முன்பே, இத்தாலியின் பதுவா நகரில் இன்னொருவர் இதே நிலவைப் பார்த்துவிட்டார். பதுவா பல்கலைக்கழகத்தின் கணிதப் பேராசிரியர் கலிலியோ கலிலி, 1609 நவம்பர் 30 முதல் டிசம்பர் 18 வரை, தானே கண்ணாடி தேய்த்துச் செய்த இருபது மடங்குக் குழாயால் நிலவைத் தொடர்ந்து கவனித்தார். அவர் பேனாவோடு நிற்கவில்லை, தூரிகையை எடுத்தார். பழுப்பு மையை நீரில் கரைத்து, மெல்லிய பூச்சின் மேல் அடர்ந்த பூச்சாக ஏற்றி வரைந்த அந்த நிலவுகள் ஃபிளாரன்ஸ் தேசிய நூலகத்தில் இருக்கின்றன. ஒளிபடும் இடங்களுக்கு வண்ணம் எதுவும் இல்லை. தாளின் வெண்மையை அப்படியே விட்டிருக்கிறார். ஒளியும் இருளும் சந்திக்கும் எல்லையில் வட்ட வட்டமான குழிகள். ஒவ்வொரு குழிக்கும் ஒரு பக்கம் கறுப்புப் பிறை, எதிர்ப்பக்கம் வெள்ளைப் பிறை. இருட்டுப் பகுதிக்குள் அங்கங்கே தனித்து நிற்கும் வெண்புள்ளிகள். தாளைப் பார்த்த உடனேயே அது மேடும் பள்ளமுமான தரை என்று கைக்கே தெரிகிறது.

ஒரே நிலவு, ஏறக்குறைய ஒரே காலம், இரண்டு பெரிய மூளைகள். ஒருவருக்குக் கறையாகத் தெரிந்தது இன்னொருவருக்கு மலையாகத் தெரிந்தது எப்படி?

கலிலியோவின் குழாய் மேலானது என்பது பதிலின் ஒரு பகுதி. ஆறு மடங்குக்கும் இருபது மடங்குக்கும் வித்தியாசம் பெரியது. ஆனால் அந்த இருபது மடங்குக் குழாயிலும் ஒரு கஷ்டம் இருந்தது. அதன் பார்வைப் பரப்பு மிகக் குறுகல். ஒரே நேரத்தில் நிலவின் கால்பாகம்தான் உள்ளே வரும். கலிலியோ அந்தக் குழாய்க்குள் நிலவை ஒரே பார்வையில் முழுதாகக் கண்டதில்லை. துண்டு துண்டாகக் கண்டதை மனத்தில் ஒட்டி, முழு உருவமாக வரைந்தார். அந்த ஒட்டும் வேலையைக் கண்ணாடி செய்யாது. அதற்கு வேறொரு பயிற்சி வேண்டும். அந்தப் பயிற்சி அவருக்கு வானியலாளர்களிடமிருந்து வரவில்லை. ஃபிளாரன்ஸின் ஓவியர்கள் இருநூறு ஆண்டுகளாகப் பட்டறைகளில் வளர்த்து வைத்திருந்த கல்வி அது. மறுமலர்ச்சிக் காலம் அறிவியலுக்குத் தந்த கொடைகளைப் பட்டியலிடுபவர்கள் அச்சு இயந்திரத்தைச் சொல்வார்கள், பழைய கிரேக்க நூல்களின் மீட்பைச் சொல்வார்கள். நான் முதலில் சொல்வது நிழலை.

ஃபிளாரன்ஸில் ஆர்னோ ஆற்றின் தென்கரையில் கார்மினே தேவாலயம் இருக்கிறது. அதனுள்ளே பிரான்காச்சி சிற்றாலயத்தின் சுவரில், 1420-களில் மசாச்சோ என்ற இளைஞர் ஓர் ஓவியம் தீட்டினார். புனித பேதுரு தெருவில் நடந்து வருகிறார். ஓரமாகக் கால் முடங்கிய நோயாளிகள். அவர் அவர்களைத் தொடவில்லை, திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அவருடைய நிழல் அவர்கள் மேல் படுகிறது, அவர்கள் குணமாகி எழுகிறார்கள். அப்போஸ்தலர் பணிகளில் வரும் செய்தி இது. அதற்கு முந்தைய தங்கப் பின்னணி ஓவியங்களில் ஒருவரின் நிழல் தரையில் விழுவதே அபூர்வம். மசாச்சோவோ நிழலையே கதைக்கு நாயகனாக்கிவிட்டார். இன்னொன்றும் செய்தார். அந்தச் சிற்றாலயத்துக்குப் பலிபீடத்தின் பின்னால் உண்மையான ஜன்னல் ஒன்று உண்டு. ஓவியங்களில் உள்ள மனிதர்கள் மேல் படும் வெளிச்சம் அந்த ஜன்னலின் திசையிலிருந்துதான் வருகிறது. சுவரில் இருக்கும் பேதுருவின் நிழலும், கீழே நின்று பார்ப்பவரின் நிழலும் ஒரே கணக்குப்படி விழுகின்றன. மசாச்சோ 26 வயதில் இறந்துபோனார். அவருக்குப் பின் வந்த ஓவியர்களுக்கு அந்தச் சிற்றாலயமே பள்ளிக்கூடமாயிற்று.

அதே ஊரில், ஏறக்குறைய அதே காலத்தில், பொற்கொல்லராகப் பயின்று கட்டடக் கலைஞரான புருனெல்லெஸ்கி ஒரு பலகையைச் செய்தார். ஒரு முழத்துக்கும் குறைவான சதுரப் பலகை. அதில் ஃபிளாரன்ஸ் பேராலய வாசலுக்கு எதிரே நிற்கும் ஞானஸ்நான மண்டபத்தை வரைந்தார். வானம் இருக்க வேண்டிய இடத்தில் வண்ணம் பூசாமல் மெருகேற்றிய வெள்ளியைப் பதித்தார். பிறகு பலகையில் ஒரு துளை போட்டார். ஓவியம் இருக்கும் பக்கம் அந்தத் துளை ஒரு பருப்பு அளவு. பின்பக்கம் போகப் போக விரிந்து ஒரு காசு அளவு. பார்ப்பவர் பலகையின் முதுகுப்புறம் கண்ணை வைக்க வேண்டும். இன்னொரு கையில் ஒரு கண்ணாடியை எதிரே பிடிக்க வேண்டும். துளை வழியாகக் கண்ணாடியில் தெரியும் ஓவியம் மண்டபமாகவே நிற்கும். வெள்ளி வானத்தில் அப்போது உண்மையாகவே வீசும் காற்றில் மேகங்கள் நகரும். கண்ணாடியைச் சட்டென்று விலக்கினால் எதிரே நிஜ மண்டபம், அதே கோட்டில், அதே அளவில். பலகை தொலைந்துவிட்டது. அதைத் தன் கையில் வைத்துப் பலமுறை பார்த்ததாக அந்தோனியோ மனெத்தி எழுதிய வரலாற்றால்தான் இது நமக்குத் தெரியும்.

இதை ஓவியர் ஒருவரின் வித்தை என்று தள்ளிவிட மனம் வரவில்லை. ஒரு கருத்தை எல்லார் முன்னும் சோதனைக்கு வைப்பது என்றால் இதுதானே. கண் எங்கே இருக்கிறது, பொருள் எவ்வளவு தூரத்தில் இருக்கிறது, நடுவில் உள்ள தட்டையான பரப்பில் அதன் சாயல் எங்கே விழும் என்ற மூன்றையும் வடிவியல் கட்டிப்போடுகிறது என்று புருனெல்லெஸ்கி சொன்னார். நம்பாதவர் வந்து துளையில் கண் வைத்துப் பார்க்கலாம். 1435-இல் ஆல்பெர்ட்டி என்ற அறிஞர், பெர்ஸ்பெக்டிவ் எனப்படும் இந்தக் கணக்கை ஓவியர்களுக்கான நூலாக எழுதினார். அந்த நூலில் இன்னொரு நுட்பமான கவனிப்பும் உண்டு. வெயிலில் புல்வெளி நடுவே நடப்பவரின் முகத்தில் புல்லின் பச்சை ஏறியிருக்கும் என்கிறார். ஒரு பொருளில் பட்ட ஒளி அங்கேயே நின்றுவிடாது, பக்கத்தில் இருப்பதையும் நனைக்கும் என்பதை ஓவியர்கள் அப்போதே அறிந்திருந்தார்கள். இந்தச் செய்தியைக் கொஞ்சம் நினைவில் வையுங்கள், நிலவில் மறுபடியும் வரும்.

பிறகு வந்த தலைமுறைகளில் இது பாடத்திட்டமாக இறுகியது. ஃபிளாரன்ஸ் ஆண்கள் அணிந்த மத்சோக்கியோ என்ற தலைப்பாகைக்கு உள்ளே வளையம் ஒன்று இருக்கும். உளுந்து வடை போன்ற வடிவம். அதைப் பல பட்டைகளாகச் செதுக்கியதாகக் கற்பனை செய்து, ஒவ்வொரு பட்டையும் எந்தக் கோணத்தில் தெரியும், எந்தப் பட்டையில் எவ்வளவு ஒளி படும் என்று வரைவது மாணவர்களுக்கு வீட்டுப்பாடம் மாதிரி. ஓவியர் உச்செல்லோ வரைந்த அத்தகைய வளையங்களை உஃபிசி அருங்காட்சியகத்தில் வைத்திருக்கிறார்கள். 1596-இல் வெனிசில் லொரென்சோ சிரிகாட்டியின் பெர்ஸ்பெக்டிவ் நூல் அச்சானபோது, அதில் இத்தகைய வளையங்களோடு, மேலெல்லாம் கூர்முனைகள் துருத்திய பந்துகளும் இருந்தன. ஒரு பக்கத்திலிருந்து ஒளி விழ, ஒவ்வொரு முனையும் தன் சிறு நிழலைப் பந்தின் மேலேயே போட்டுக்கொண்டு நிற்கிறது. கலிலியோ நிலவைப் பார்ப்பதற்கு 13 ஆண்டுகளுக்கு முன், கரடுமுரடான உருண்டை மேல் பக்கவாட்டு வெளிச்சம் எப்படி விழும் என்பது இத்தாலியில் அச்சுப் புத்தகப் பயிற்சியாக இருந்தது.

இதில் என்ன கடினம் என்று கேட்கலாம். நான் என் சமையலறையில் செய்து பார்த்ததைச் சொல்கிறேன், நீங்களும் செய்யலாம். சப்பாத்திக்குப் பிசைந்த மாவில் ஒரு பெரிய உருண்டை எடுத்துக்கொள்ளுங்கள். கட்டைவிரலால் அழுத்தி ஒரு குழி போடுங்கள். பக்கத்திலேயே மாவைக் கிள்ளி ஒரு சின்ன மேடு எழுப்புங்கள். விளக்கை அணைத்துவிட்டு போன் டார்ச்சைப் பக்கவாட்டில் பிடியுங்கள். மேட்டில் டார்ச்சைப் பார்த்த பக்கம் வெளிச்சமாகவும் மறுபக்கம் இருட்டாகவும் இருக்கும். குழியில் இது தலைகீழ். டார்ச்சுக்குப் பக்கத்தில் உள்ள உட்சுவர் இருட்டாகவும், தூரத்தில் உள்ள உட்சுவர் வெளிச்சமாகவும் இருக்கும். இப்போது டார்ச்சைத் தலைக்கு நேர் மேலே, உங்கள் கண்ணுக்குப் பக்கத்தில் கொண்டுவாருங்கள். மேடும் குழியும் ஏறக்குறைய காணாமல் போய்விடும். மாவில் ஒட்டிய தவிடு மட்டும் கறையாகத் தெரியும்.

லோவர் பணியாரத்தை ஒப்பிட்டது முழுநிலவுக்கு. முழுநிலவின்போது சூரியன் நம் முதுகுக்குப் பின்னால் இருந்து நிலவின் முகத்தில் நேராக அடிக்கிறது. நிழலுக்கு இடமே இல்லை. அவர் கண்டதில் பிழை ஏதும் இல்லை.

இன்னும் ஒரு படி போகலாம். டார்ச்சைப் பக்கவாட்டில் வைத்து அந்த மாவைப் போட்டோ எடுத்து, வெளிச்சம் மேலிருந்து வருவது போல வைத்துப் பாருங்கள். பிறகு போட்டோவைத் தலைகீழாகத் திருப்புங்கள். குழி மேடாகிவிடும், மேடு குழியாகிவிடும். வெளிச்சம் மேலிருந்துதான் வரும் என்று நம் மூளை நினைத்துக்கொள்வதால் வரும் மாற்றம் இது. ஒரு கறுப்புப் பிறையும் ஒரு வெள்ளைப் பிறையும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தால் அது குழியா மேடா என்பதை அந்தக் கறையே சொல்லாது. வெளிச்சம் எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது என்று தெரிந்தவர்தான் சொல்ல முடியும். ஓவியருக்கு இது முதல் வருடப் பாடம்.

கலிலியோவுக்கு இந்தப் பாடம் வந்த வழி நேரானது. 1564-இல் பீசாவில் பிறந்தார். தந்தை வின்சென்சோ, லூட் வாசிப்பவர், இசைக் கோட்பாட்டாளர். பையன் மருத்துவம் படிக்கட்டும் என்று பீசா பல்கலைக்கழகத்தில் சேர்த்தார். அங்கே ஒஸ்தீலியோ ரிச்சி என்ற மெடிச்சி அரசவைக் கணிதர் யூக்ளிட் பாடம் நடத்தக் கேட்ட கலிலியோ, மருத்துவத்தை விட்டுவிட்டு 1585-இல் பட்டம் பெறாமலே ஃபிளாரன்ஸுக்குத் திரும்பினார். ரிச்சி ஃபிளாரன்ஸின் திசேன்யோ கலைக்கழகத்திலும் பாடம் சொன்னவர். 1563-இல் ஓவியர் வசாரியின் முயற்சியால் கோசிமோ மெடிச்சி நிறுவிய கழகம் அது. திசேன்யோ என்ற இத்தாலியச் சொல், படம் வரைவதையும், வடிவத்தை மனத்தில் கட்டி எழுப்புவதையும் சேர்த்தே குறிக்கும். ஓவியருக்கும் சிற்பிக்கும் கட்டடக் கலைஞருக்கும் வடிவியல், பெர்ஸ்பெக்டிவ், உடற்கூறு எல்லாம் அங்கே தேவை. ரிச்சியிடம் கலிலியோவோடு பழகிய இன்னொரு மாணவர் லொதோவிகோ கார்டி. பிறந்த ஊரின் பெயரால் சிகோலி என்று அழைக்கப்பட்ட ஓவியர். கலிலியோவைவிட ஐந்து வயது மூத்தவர். இருவரும் சாகும்வரை நண்பர்கள். அந்த வயதில் தன் தொழிலைத் தானே தேர்ந்தெடுக்க முடிந்திருந்தால் ஓவியனாகியிருப்பேன் என்று கலிலியோ நண்பர்களிடம் சொல்வாராம். அவருடைய கடைசிக் கால மாணவர் விவியானி எழுதி வைத்தது இது.

ஆக 1609 நவம்பர் இரவில் குழாயின் முன் உட்கார்ந்தவர், மத்சோக்கியோக்களையும் முள்பந்துகளையும் அறிந்த ஊரில் வளர்ந்தவர். பண்டைய அரிஸ்டாட்டில் மரபின்படி வானுலகப் பொருள்கள் மாசற்றவை. நிலவு வழுவழுப்பான உருண்டை. தமிழில் நாம் மறு என்று சொல்லும் அந்தக் கறை, உருண்டையின் சில பகுதிகள் அடர்த்தியாகவும் சில பகுதிகள் லேசாகவும் இருப்பதால் வரும் நிறபேதம். பல்கலைக்கழகங்களில் அப்படித்தான் சொல்லிக்கொடுத்தார்கள். புளூடார்க் போன்ற ஒரு சிலர் நிலவும் மண்ணும் மலையும்தான் என்று முன்பே எழுதியிருந்தார்கள், ஆனால் காட்ட அவர்களிடம் எதுவும் இல்லை.

கலிலியோ முதலில் கவனித்தது ஒளியும் இருளும் பிரியும் எல்லையை. வழுவழுப்பான உருண்டை என்றால் அந்த எல்லை சுத்தமான வளைகோடாக இருக்க வேண்டும். அது பிய்ந்து, நெளிந்து கிடந்தது. அடுத்து, சின்னச் சின்னக் கறைகள். அவை எல்லாவற்றிலும் ஒரே ஒழுங்கு: கறுப்புப் பக்கம் சூரியன் இருக்கும் திசையில், வெளிச்சப் பக்கம் எதிர்த்திசையில். மாவில் போட்ட கட்டைவிரல் குழி நினைவிருக்கிறதா? எனவே அவை குழிகள். மூன்றாவதுதான் எனக்கு மிகவும் பிடித்தது. எல்லைக்கு அப்பால், இருட்டுக்குள் தனியே நின்ற ஒளிப்புள்ளிகள். அவர் காத்திருந்தார். நேரம் ஆக ஆகப் புள்ளிகள் பெரிதாகி, நகர்ந்து வரும் ஒளியோடு கலந்துவிட்டன. விடியற்காலையில் அடிவாரம் இருட்டாக இருக்கும்போதே மலையுச்சியில் வெயில் விழுவதை மலையோர ஊர்க்காரர் எல்லாரும் கண்டிருப்பார்கள். கலிலியோ அன்று பார்த்தது நிலவில் ஒரு விடியல்.

மலை என்றால் உயரம் உண்டு, உயரம் இருந்தால் அளக்கலாம். சில உச்சிகள் எல்லையிலிருந்து நிலவின் விட்டத்தில் இருபதில் ஒரு பங்கு தள்ளி மின்னின. நிலவின் விட்டத்தை அவர் 2,000 இத்தாலிய மைல் என்று எடுத்துக்கொண்டார். அப்படியானால் ஆரம் 1,000 மைல், உச்சி எல்லையிலிருந்து 100 மைல். சூரியக் கதிர் எல்லையில் நிலவைத் தொட்டுச் சென்று அந்த உச்சியில் படுகிறது. நிலவின் மையம், எல்லை, உச்சி என்ற மூன்று புள்ளிகளும் ஒரு செங்கோண முக்கோணம். 1,000-இன் வர்க்கத்தோடு 100-இன் வர்க்கத்தைக் கூட்டினால் 10,10,000. அதன் வர்க்கமூலம் 1,004-க்கு மேல். ஆரமான 1,000-ஐக் கழித்தால் மலை 4 மைலுக்கு மேல் உயரம். பள்ளிக்கூடத்தில் பிதாகரஸ் தேற்றம் படித்த எந்தப் பிள்ளையும் செய்யக்கூடிய கணக்கு. ஒரு இத்தாலிய மைலை ஒன்றரைக் கிலோமீட்டர் என்று வைத்தால் 6 கிலோமீட்டருக்கு மேல். இன்று நாம் அறிந்த நிலவின் பெரிய மலைகள் 5 கிலோமீட்டரைத் தாண்டுபவை. ஒரு நிழல் எல்லையை மட்டும் வைத்துக்கொண்டு இவ்வளவு பக்கத்தில் வந்திருக்கிறார். பூமியில் ஒரு மைல் உயர மலைகூடக் கிடையாது என்று அவர் நம்பியதால், நிலவின் மலைகள் நம்முடையவற்றைவிட உயர்ந்தவை என்றும் எழுதினார். இமயத்தின் உயரம் அப்போது ஐரோப்பாவில் யாருக்கும் தெரியாது.

பிறையின் இருண்ட பாகம் லேசாக ஒளிர்வதையும் அவர் விளக்கினார். மூன்றாம் பிறையன்று பாருங்கள். மெல்லிய வெள்ளிக் கீற்றின் மடியில் நிலவின் மீதிப் பகுதி சாம்பல் நிறத்தில் மங்கலாகத் தெரியும். பூமியில் பட்ட வெயில் திரும்பிச் சென்று நிலவின் இரவை நனைக்கிறது. ஆல்பெர்ட்டியின் புல்வெளியில் நடந்தவரின் முகத்தில் ஏறிய அதே பச்சை. லியொனார்டோ டா வின்சி இதை ஏறக்குறைய நூறு ஆண்டுகளுக்கு முன்பே தன் கண்ணாடிக் கையெழுத்தில் எழுதி வைத்திருந்தார், ஆனால் அந்தக் குறிப்பேடு அச்சேறவில்லை. ஜெர்மனியில் கெப்ளரின் ஆசிரியர் மேஸ்ட்லினும் இந்த விளக்கத்துக்கு வந்திருந்தார். ஓவியரும் வானியலாளரும் தனித்தனி வழியில் ஒரே இடத்துக்கு வந்து சேர்ந்த சந்திப்பு இது.

1610 மார்ச் 13 அன்று வெனிசில் இவையெல்லாம் ஒரு சிறு லத்தீன் நூலாக வெளிவந்தன. நட்சத்திரத் தூது என்று தமிழில் சொல்லலாம். அச்சிட்டது 550 பிரதிகள். வியாழனைச் சுற்றும் நான்கு நிலவுகளின் செய்தியும் அதில்தான் இருக்கிறது. உலகம் அதைப் பற்றித்தான் அதிகம் பேசியது. எனக்கோ நிலவுப் பகுதியின் நடைதான் அரியது. நிலவின் ஒரு பகுதியில் நெருக்கமாகக் கிடக்கும் குழிகளை மயில் தோகையின் கண்களுக்கு ஒப்பிடுகிறார். சூடாக இருக்கும்போதே குளிர்ந்த நீரில் முக்கி, மேற்பரப்பெல்லாம் விரிசலும் அலையுமாகச் செய்யும் கண்ணாடிக் கிண்ணங்களுக்கு ஒப்பிடுகிறார். வெனிசின் கைவினைக் கூடங்களைப் பார்த்தவரின் உவமை அது. நடுவில் உள்ள பெரிய குழியைப் படத்தில், உண்மையில் இருப்பதைவிடப் பலமடங்கு பெரிதாக்கியும் விட்டார். வரைபடமாக எடுத்துக்கொண்டால் அது பிழை. சூரியன் ஏறும்போது ஒரு குழிக்குள் ஒளி எப்படி இறங்குகிறது என்று வாசகர் புரிந்துகொள்ள வேண்டும் என்பதற்காக அப்படிச் செய்திருப்பார் என்றே நான் நினைக்கிறேன்.

இங்கிலாந்துக்குத் திரும்புவோம். அங்கே அன்றைய ஓவியம் வேறு பாதையில் இருந்தது. அரசவையின் சிறந்த ஓவியர் நிக்கலஸ் ஹில்லியர்ட், உள்ளங்கை அளவுச் சிற்றுருவங்களில் வல்லவர். எலிசபெத் அரசி தன்னை வரையச் சொன்னபோது, மரமோ நிழலோ இல்லாத திறந்த தோட்டப் பாதையில் போய் அமர்ந்ததாக அவரே எழுதியிருக்கிறார். நிழல் முகத்துக்குக் களங்கம் என்று கருதிய ரசனை. அந்தச் சிற்றுருவங்கள் மிக அழகானவை. ஆனால் அவற்றைப் பார்த்து வளர்ந்த கண், கறையை மலையாக வாசிக்கப் பழகியிருக்காது.

இந்த விளக்கத்தை அளவுக்கு மீறி இழுக்கக்கூடாது. ஹாரியட் அமெரிக்கக் கரையில் ஜான் வைட் என்ற தேர்ந்த ஓவியருடன் வேலை செய்தவர். அவருடைய முதல் குழாய் வலுவற்றது. பின்னாளில் அவர் வரைந்த முழுநிலவு வரைபடம், இடங்களைத் துல்லியமாகக் குறிப்பதில் கலிலியோவின் படங்களைவிட மேலானது. ஆனாலும் ஒரு தாள் என்னைக் கட்டிப்போடுகிறது. 1610 ஜூலை 17 அன்று, கலிலியோவின் நூல் வெளிவந்த பிறகு, ஹாரியட் மறுபடியும் நிலவை வரைகிறார். இந்த முறை எல்லையோரமாகக் குழிகள் இருக்கின்றன. வட்டமான, விளிம்புள்ள குழிகள். ஒரு வருடத்துக்கு முன் அதே வானத்தில் கீறல்களை மட்டும் கண்டவர் இப்போது குழிகளைக் காண்கிறார். நல்ல குழாயும் கைக்கு வந்திருந்தது, எதைத் தேட வேண்டும் என்றும் தெரிந்திருந்தது.

எல்லாருக்கும் அப்படித் தெரிந்துவிடவில்லை. ரோமில் இயேசு சபைக் கல்லூரியின் மூத்த கணிதர் கிளாவியுஸ், 1582-இன் கிரெகோரியன் நாட்காட்டிச் சீர்திருத்தத்தில் பெரும்பங்கு வகித்தவர், கலிலியோவிடம் மரியாதை உள்ளவர். 1611 ஏப்ரலில் கர்தினால் பெல்லார்மின் கேட்டபோது, வியாழனின் நிலவுகள் உண்மை என்று கல்லூரி உறுதி சொன்னது. நிலவின் மலைகள் விஷயத்தில் மட்டும் கிளாவியுஸ் உடன்படவில்லை. மேற்பரப்பு ஒரே சீராகத்தான் இருக்கும், அடர்த்தியில்தான் வேறுபாடு என்பது அவருக்கு அதிகம் பொருத்தமாகப் பட்டது. ஃபிளாரன்ஸில் லொதோவிகோ தெல்லே கொலம்பே வேறொரு வழி சொன்னார்: மலைகள் இருக்கட்டும், பள்ளங்களையெல்லாம் கண்ணுக்குத் தெரியாத பளிங்கு நிரப்பியிருக்கிறது, ஆகவே நிலவு வழுவழுப்பான உருண்டையே. அப்படியானால் அதே கண்ணுக்குத் தெரியாத பளிங்கில் இன்னும் பத்து மடங்கு உயரமான மலைகள் இருப்பதாக நானும் சொல்லலாமே என்று கலிலியோ பதில் தந்தார்.

கிளாவியுஸ் உடன்படாதது சிகோலிக்குப் பொறுக்கவில்லை. அப்போது ரோமில் இருந்த அவர் 1611 ஆகஸ்டில் நண்பருக்கு எழுதினார். எவ்வளவு பெரிய கணிதரானாலும் திசேன்யோ தெரியாவிட்டால் அவர் அரைக் கணிதர்தான், அதற்கும் மேலே போய் கண்ணில்லாதவர் என்றே சொல்ல வேண்டும் என்பது அந்தக் கடிதத்தின் சாரம். கிளாவியுஸைப் பற்றி அது கடுமையான சொல். ஆனால் கலிலியோ எதைக் கொண்டு பார்த்தார் என்பதை அருகில் இருந்த ஒருவர் அன்றே புரிந்துகொண்டிருந்தார் என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி இல்லை.

சிகோலி அப்போது ரோமின் சாந்தா மரியா மஜோரே பேராலயத்தில் சாரத்தின் மேல் நின்று வேலை செய்துகொண்டிருந்தார். திருத்தந்தை ஐந்தாம் பவுல் கட்டிய புதிய சிற்றாலயத்தின் குவிமாடத்தை அவர் தீட்ட வேண்டும். நடுவில் விண்ணில் நிற்கும் மரியன்னை, காலடியில் நிலவு. திருவெளிப்பாட்டு நூலில் வரும் காட்சி. களங்கமற்ற தூய்மையின் அடையாளமாக அந்த நிலவைப் பளபளவென்று வரைவதே வழக்கம். ஓய்வு கிடைத்தபோது பேராலயத்தின் மேல்தளத்திலிருந்து சூரியனின் கரும்புள்ளிகளைப் பார்த்துப் படம் வரைந்து கலிலியோவுக்கு அனுப்பிக்கொண்டும் இருந்தார். 1612-இல் குவிமாடத்தின் சாரம் பிரிக்கப்பட்டது. அன்னையின் காலடியில் இருந்த நிலவில் குழிகள் இருந்தன. ஒளியும் இருளும் பிரியும் எல்லை பிய்ந்து கிடந்தது, ஒவ்வொரு குழியிலும் ஒரு பக்கம் நிழல். லின்சியன் கழகத்தை நிறுவிய ஃபெதெரிகோ செசி அதைப் பார்த்துவிட்டு, நீங்கள் கண்டுபிடித்த நிலவையே அவர் வரைந்திருக்கிறார் என்று மகிழ்ச்சியோடு கலிலியோவுக்குத் தெரிவித்தார்.

1613 ஜூனில் சிகோலி ரோமில் காலமானார். அதே ஆண்டில் ஃபிளாரன்ஸின் திசேன்யோ கலைக்கழகம், ஓவியர்களும் சிற்பிகளும் கட்டடக் கலைஞர்களும் நிறைந்த தன் பட்டியலில், கலிலியோ கலிலியை உறுப்பினராகச் சேர்த்துக்கொண்டது. சாந்தா மரியா மஜோரேயின் அந்தச் சிற்றாலயத்தில் நின்று தலையை நிமிர்த்தினால், குழி விழுந்த நிலவு இன்றும் அன்னையின் பாதத்துக்குக் கீழே தெரிகிறது.